தாமதத்துக்கு ஆயுள் முழுவதும் அபராதமா?

அமெரிக்காவில் வேலை பார்த்த காலமெல்லாம் ஒவ்வொரு சம்பளத்திலும் மெடிகேருக்கென்று, அதாவது 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுக்கென்று, 1.45 சதவீதம் பிடித்தார்கள். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. பிடிப்பதற்கு நம்மிடம் யாரும் விண்ணப்பம் கேட்கவில்லை. 65 வயதில் அதன் பலனைப் பெற மட்டும் நாமே தேதி பார்த்து, படிவம் தேடி, ஓட வேண்டுமாம். ஓடத் தவறினால் அபராதம்!

சோஷியல் செக்யூரிட்டி என்னும் அரசு ஓய்வூதியம் ஏற்கெனவே வாங்குபவர்களைத் தானாகவே மெடிகேரில் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் 1960-லும் அதன் பிறகும் பிறந்தவர்களுக்கு முழு ஓய்வூதிய வயதை 67 என்று வைத்தது யார்? இதே அரசுதான். முழுத் தொகைக்காகக் காத்திருப்பவன் மெடிகேருக்கும் காத்திருக்கலாம் என்று நினைப்பது இயல்புதானே?

என் நண்பருக்கு நடந்ததைக் கேட்டதிலிருந்து மனம் ஆறவில்லை. அவர் வேலையை விட்டபோது 65 கடந்திருந்தது. "கோப்ரா எடுத்துக்கொள்ளுங்கள், 18 மாதம் பழைய காப்பீடே தொடரும்" என்றார்கள் அலுவலகத்தில். வேலையை விட்டவர் அலுவலகக் காப்பீட்டைச் சொந்தக் காசில் நீட்டித்துக்கொள்ளும் வழிதான் கோப்ரா. முழு பிரீமியத்தையும் தன் கையிலிருந்தே கட்டினார். பிறகு மருத்துவமனைக்குப் போனார். மெடிகேர் அல்லவா முதலில் கொடுத்திருக்க வேண்டும் என்று கையை விரித்துவிட்டது காப்பீட்டு நிறுவனம். சரி, மெடிகேரில் மருத்துவர் செலவுகளுக்கான பகுதியான பார்ட் பி-யில் சேரலாம் என்று போனால், வேலை முடிந்ததிலிருந்து எட்டு மாதக் கெடு எப்போதோ தீர்ந்துவிட்டது; சேர்க்கையைத் தள்ளிப்போட அனுமதிக்கும் வேலைவழிக் காப்பீடாகக் கோப்ரா கணக்கில் வராது; ஜனவரி முதல் மார்ச் வரையிலான பொதுச் சேர்க்கைக்குக் காத்திருங்கள் என்கிறார்கள். முழுதாக ஓராண்டு தாமதத்துக்குப் பத்து சதவீதம் கூடுதல் பிரீமியம். ஒரு வருடத்துக்கல்ல, உயிரோடு இருக்கும்வரை! பார்ட் பி-யின் மாத பிரீமியம் 2025-இல் 185 டாலர், 2026-இல் 202.90. பிரீமியம் ஏற ஏற அபராதமும் சேர்ந்து ஏறும்.

இதைவிடக் கொதிப்பூட்டுவது ஒன்று உண்டு. அதே கோப்ராவின் மருந்துக் காப்பீடு போதிய தரத்தில் இருந்தால் மெடிகேரின் மருந்துப் பகுதியான பார்ட் டி-க்கு அது செல்லும், அபராதம் இல்லை. ஒரே காப்பீடு, ஒரே அரசு, இரண்டு விதி. இதை எந்தச் சாமானியன் ஊகிப்பான்?

பார்ட் டி மட்டும் எளிதா? மாத்திரையே சாப்பிடாதவரும் சேர்ந்தாக வேண்டும். தகுந்த காப்பீடு இல்லாமல் தொடர்ந்து 63 நாளோ அதற்கு மேலோ இருந்தால், தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சதவீதம் அபராதம், அதுவும் ஆயுளுக்கும். எந்தத் திட்டத்தில் எந்த மருந்து, எந்த விலைப் படிநிலை, எந்த மருந்துக்கடை என்று எழுபது வயதுக்காரர் ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7-க்குள் புதிதாக அலச வேண்டும், ஏனென்றால் ஜனவரியில் பட்டியல் மாறிவிடும். 2025-இல் கைச்செலவுக்கு 2,000 டாலர் உச்சவரம்பு வந்தது, மனதார வரவேற்கிறேன். ஆனால் திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருந்துக்கு அந்த வரம்பு பொருந்தாது.

பிறந்த தேதியும் வரிக் கணக்கும் அரசின் கையில் இருக்கின்றன. 65 ஆனதும் எல்லோரையும் சேர்த்துவிடுங்கள். வேலைவழிக் காப்பீடு உள்ளவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கட்டும். அதுவரை, கோப்ராவை நம்பி ஏமாந்தவர்களின் அபராதத்தையாவது ரத்து செய்யுங்கள்.