22 வெள்ளி, 28 வெள்ளி, ஒரு சிவப்பு வட்டம்

அந்த ஸ்கிரீன்ஷாட்டை எல்லாரும் பார்த்தாச்சு. மறுபடி இங்கே போட்டு அதற்கு இன்னும் நாலு லைக் சேர்த்துக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. இடது பக்கம், பினாங்கு ஜெலுத்தோங்கில் வீட்டிலிருந்து முறுக்கு விற்கும் அக்காவின் வாட்சாப் விலைப்பட்டியல்: முறுக்கு, ஒரு போத்தல் 22 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). வலது பக்கம் அதே சிவப்பு மூடிப் போத்தல், இணையத்தில் பொருள் விற்கும் ஆப்பில் 28 வெள்ளி. அந்த 28-ஐச் சுற்றி ஒரு வட்டம். மேலே ஒரு வரி: "நம்மாளுங்களே நம்மகிட்ட கொள்ளையடிக்கிறாங்க."

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 28 வெள்ளியில் அக்காவின் கையில் நிற்பது 22 வெள்ளியைவிடக் குறைவு. எழுத்துப்பிழை இல்லை, குறைவுதான்.

கணக்கு இதோ. எந்த ஆப் என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. எந்த ஆப்பானாலும் வெட்டு விழும் இடங்கள் ஏறக்குறைய இவைதான். விகிதம் மட்டும் பொருளின் பிரிவைப் பொறுத்து, கடையின் வகையைப் பொறுத்து மாறும். கீழே இருப்பவை அக்காவின் ஒரு ஆர்டரில் இருந்த எண்கள்.

கமிஷன் 9 விழுக்காடு. பணப் பரிவர்த்தனைக் கட்டணம் 3.5 விழுக்காடு. "இலவச டெலிவரி" திட்டத்தில் சேர்ந்ததற்கு 4 விழுக்காடு. ஆர்டருக்கு ஒரு நிலைக்கட்டணம் 50 காசு. இந்த நாலுக்கும் மேலே 8 விழுக்காடு சேவை வரி. 2024 மார்ச் 1-ஆம் தேதி 6-லிருந்து 8 ஆனதே, அந்த வரிதான். கமெண்டில் ஒருவர் 9-ஐயும் 8-ஐயும் கூட்டி 17 என்று எழுதியிருந்தார். அப்படி இல்லை ஐயா. வரி கட்டணத்தின் மேல்தான், பொருளின் மேல் இல்லை. 9 விழுக்காடு 9.72 ஆகிறது, 3.5 விழுக்காடு 3.78, 4 விழுக்காடு 4.32. ஐம்பது காசு 54 காசு.

இப்போது 28 வெள்ளியை எடுங்கள். கமிஷன் 2.72. இலவச டெலிவரித் திட்டம் 1.21. பரிவர்த்தனைக் கட்டணத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அது பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, வாங்குபவர் கட்டும் டெலிவரிக் காசுக்கும் சேர்த்து. வாங்கியவர் டெலிவரிக்கு 5 வெள்ளி கட்டியிருந்தார், ஆகவே 33 வெள்ளிக்கு 3.78 விழுக்காடு, 1.25. அந்த 5 வெள்ளி அக்கா கைக்கு வரவே வராது, அதற்கும் கட்டணம் அவர்தான் கட்ட வேண்டும். நிலைக்கட்டணம் 54 காசு. மொத்தம் 5 வெள்ளி 72 காசு போச்சு. மிச்சம் 22.28. பெட்டி 90 காசு, பபிள் ரேப் 50 காசு, டேப்பும் ஸ்டிக்கரும் 40 காசு. கையில் நிற்பது 20 வெள்ளி 48 காசு.

வீட்டு வாசலில் வந்து வாங்குபவரிடம் 22. ஆப்பில் 20.48. கொள்ளையடித்தது யார் என்று வட்டம் போட்ட தம்பி யோசிக்கட்டும். பார்சல் போடும் இடத்துக்குப் போய்வர மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் பெட்ரோலை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"அப்படின்னா ஆப்பில் போடாமல் இருக்க வேண்டியதுதானே?" இதை நாலு பேர் எழுதியிருக்கிறார்கள், ஒருவர் பொங்கல் வாழ்த்துச் சொல்வதுபோல் கைகூப்பும் படம் வேறு போட்டு. பினாங்கில் இருப்பவர் அக்காவை நேரில் பார்க்கலாம், டுவிட்நவ் என்ற வங்கிப் பணமாற்றத்தில் காசு அனுப்பலாம். ஜொகூரில் இருப்பவர் முன்பின் தெரியாத ஒருவர் கணக்குக்கு முன்கூட்டியே காசு போடுவாரா? நீங்கள் போடுவீர்களா? ஆப் அந்தப் பணத்தைத் தன்னிடம் வைத்திருந்து, பொருள் வந்ததும் வாங்குபவர் 'கிடைத்தது' என்று அழுத்திய பிறகு, அழுத்தாவிட்டால் சில நாள் கழித்துத் தானாக, விற்றவருக்கு விடுகிறது. அந்த நம்பிக்கைக்குத்தான் கட்டணம். கட்டணமே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆரம்பத்தில் சின்ன விற்பனையாளரிடம் கமிஷனே வாங்காமல் இழுத்த காலம் ஒன்று இருந்தது, பழகிய பிறகு ஏற்றினார்கள். அது தனிக்கதை. நான் சொல்வது, அந்தக் கட்டணம் விலைக்குள்தான் இருக்க வேண்டும், விலையைப் பார்த்துவிட்டு விற்பவரைத் திட்டாதீர்கள் என்பதுதான்.

"6 வெள்ளியைத் தனியாக ஆப் கட்டணம் என்று போட்டிருந்தால் நாங்கள் புரிந்துகொண்டிருப்போமே" என்று இன்னொரு அன்பர். போட முடியாது. இணையத்தில் விற்பவர் வரியும் போக்குவரத்தும் மற்றச் செலவும் உட்பட முழு விலையையும் காட்ட வேண்டும் என்ற பயனீட்டாளர் பாதுகாப்பு விதி எப்போதோ வந்துவிட்டது. ஆர்டர் வந்த பிறகு "அண்ணே, இன்னும் 6 வெள்ளி" என்று சாட்டில் கேட்டால் கடையையே மூடிவிடுவார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அக்கா வைத்த விலையே குறைவு. கூட்டிப் போட்டால் போதும் என்று நினைத்ததால் வந்த வினை. விற்கிறவர்கள் இந்த ஒரு பத்தியையாவது படியுங்கள். விழுக்காட்டைக் கூட்டாதீர்கள், வகுங்கள். ஆப் எடுப்பது உங்கள் அடக்க விலையில் இல்லை, விற்கும் விலையில். 100 வெள்ளி கைக்கு வர வேண்டும், கட்டணம் 20 விழுக்காடு என்று வையுங்கள். 20 கூட்டி 120 போட்டால், 120-இல் 20 விழுக்காடு 24, மிச்சம் 96. நாலு வெள்ளி காணோம். 100-ஐ 0.8-ஆல் வகுத்தால் 125. அதில் 25 போனால் சரியாக 100.

அக்காவுக்கு 22 வெள்ளி நிற்க வேண்டும். அதோடு பெட்டிச் செலவு 1.80, நிலைக்கட்டணம் 54 காசு, டெலிவரிக் காசின் மேல் விழும் கட்டணம் 19 காசு. மொத்தம் 24.53. விழுக்காட்டுக் கட்டணங்கள் சேர்ந்து 17.82. 24.53-ஐ 0.8218-ஆல் வகுத்தால் 29.85. இதையே 17.82 விழுக்காடு கூட்டினால் 28.90 வரும், கிட்டத்தட்டச் சரி மாதிரித் தெரியும். ஆனால் போத்தலுக்கு 78 காசு குறையும். தீபாவளிக்கு 400 போத்தல் போட்டால் 312 வெள்ளி. எண்ணெயும் உளுந்து மாவும் வாங்கிய காசு எங்கே போனது என்று இரவில் உட்கார்ந்து தேடுவது இதனால்தான்.

தள்ளுபடி நாள் பற்றியும் சொல்ல வேண்டும், 11.11 மாதிரி நாட்கள். வவுச்சர் இரண்டு வகை. ஆப் தன் காசில் கொடுப்பது வேறு, கடை தன் காசில் கொடுப்பது வேறு. வாங்குபவர் திரையில் இரண்டும் ஒரே நிறம். அக்கா கடை வவுச்சராக 10 விழுக்காடு கொடுத்தார், 28 வெள்ளி 25.20 ஆனது. கட்டணம் 5.22, பெட்டி 1.80. கையில் 18 வெள்ளி 18 காசு. அன்றைக்குத்தான் அதிக ஆர்டர். விற்க விற்கக் குறைந்தது.

"விலையை ஏற்றிவிட்டுத் தள்ளுபடி என்று ஏமாற்றுபவர்கள் இல்லையா?" இருக்கிறார்கள். அக்கா அதில் இல்லை. அடுத்தது.

"எஸ்எஸ்எம் பதிவு இருக்கிறதா?" இருக்கிறது. எஸ்எஸ்எம் என்பது வியாபாரங்களைப் பதிவு செய்யும் மலேசிய ஆணையம்; அங்கே சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயரில் என்றால் 60. அக்கா கடைப் பெயரில் எடுத்திருக்கிறார். கேட்டவர் இதைச் சான்றிதழோடு பார்த்துவிட்டு என்ன செய்யப் போகிறார் என்று தெரியவில்லை.

"பெரிய கடைகள் எப்படிக் குறைந்த விலைக்குப் போடுகின்றன?" அவர்களும் கமிஷன் கட்டத்தான் செய்கிறார்கள். பெட்டியை ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள், கூரியரிடம் தனி விலை பேசுகிறார்கள், முறுக்கை மெஷின் பிழிகிறது. அக்காவிடம் பித்தளை அச்சும் இரண்டு கையும் ஓர் இரும்புச் சட்டியும் இருக்கின்றன.

பெட்டி என்றதும் இன்னொன்று, கமிஷனைவிடக் கொடுமையானது. போன தீபாவளிக்கு ஒருவர் இரண்டு போத்தல் ஆர்டர் செய்தார். அளவான பெட்டி தீர்ந்துபோனதால் அக்கா வீட்டில் கிடந்த பழைய பிஸ்கட் அட்டைப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் நாளிதழைக் கசக்கித் திணித்து அனுப்பினார். எடை 1.3 கிலோ. ஆப்பில் 1.5 என்று போட்டிருந்தார். பெட்டியின் அளவு 40, 30, 25 சென்டிமீட்டர். கூரியர் தராசில் வருவதை மட்டும் பார்ப்பதில்லை. மூன்று அளவையும் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல், சில இடங்களில் 6,000-ஆல் வகுக்கிறார்கள். 30,000-ஐ 5,000-ஆல் வகுத்தால் 6 கிலோ. எது அதிகமோ அதற்குக் காசு. வாங்கியவர் 1.5 கிலோவுக்குத்தான் கட்டினார், மிச்சம் அக்காவின் பணத்திலிருந்து பிடிக்கப்பட்டது. முறுக்கு எடையில் பஞ்சு, இடத்தில் யானை. அதே இரண்டு போத்தலை 31, 17, 23 அளவுப் பெட்டியில் நெருக்கி வைத்தால் 2.4 கிலோதான் வரும். ஒற்றைப் போத்தல் பெட்டி 17, 17, 23 என்றாலும் 1.33 கிலோ, தராசில் 650 கிராம் இருந்தாலும். ஆப்பில் எடை கேட்கும் இடத்தில் 0.65 என்று நேர்மையாகப் போடுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நீளம், அகலம், உயரம் கேட்கும் கட்டங்களையும் நிரப்புங்கள், பெட்டியை வெளிப்பக்கம் அளந்து.

செல்லர் சென்டரில், அதாவது ஆப்பில் விற்பவருக்கென்று இருக்கும் பகுதியில், வருமானப் பக்கத்துக்குப் போய் ஆர்டர் ஆர்டராகத் திறந்து பாருங்கள். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது. டெலிவரி வரியில் வாங்குபவர் கட்டியது, ஆப் கொடுத்தது, கூரியர் எடுத்தது என மூன்று எண் இருக்கும். மூன்றும் ஒன்றை ஒன்று ஈடுகட்டவில்லை என்றால் எடையில் பிரச்சினை. பெட்டியைத் தராசில் வைத்து, அளவுநாடாவோடு ஒரு படம் எடுத்து வைத்திருந்தால்தான் முறையிடலாம். படம் இல்லாமல் முறையிட்டால் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று மூன்று மொழியில் பதில் வரும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு ஒரு பெண் வீட்டிலிருந்து முறுக்கு விற்க வேண்டும். அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. 6 வெள்ளி மட்டும் பெரிதாகத் தெரிகிறது. பேரங்காடியில் ஒரு காப்பிக்கு 18 வெள்ளி கொடுக்கும்போது, பாலுக்கு எவ்வளவு, கோப்பைக்கு எவ்வளவு என்று எவனும் வட்டம் போடுவதில்லை. அங்கே "தேங்க் யூ" சொல்லிவிட்டுப் படம் எடுத்துப் போடுகிறோம். அக்காவிடம் மட்டும்தான் "எங்களுக்கே இந்த விலையா?" எங்களுக்கே என்றால் என்ன அர்த்தம்? எங்களுக்காக நஷ்டத்தில் கொடு என்றுதானே? வட்டம் போட்ட தம்பியின் பக்கத்தில் கொஞ்சம் கீழே இறங்கிப் பார்த்தேன். "தமிழர் வியாபாரத்தை ஆதரிப்போம்" என்று மஞ்சள் பின்னணியில் ஒரு பதிவு. மயிலிறகு ஓரம் எல்லாம் வைத்து அழகாகத்தான் செய்திருக்கிறார்.

நான் கோபத்தில் எழுதுகிறேன் என்று சொல்வீர்கள். கோபம்தான். அன்று இரவே அக்கா ஆப்பிலிருந்து முறுக்கை எடுத்துவிட்டார். நல்ல வேளை, அழிக்கவில்லை, மறைத்துத்தான் வைத்திருந்தார். விற்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன், யார் திட்டினாலும் லிஸ்டிங்கை அழிக்காதீர்கள். அழித்தால் விற்ற எண்ணிக்கையும் அதில் சேர்ந்த நட்சத்திரங்களும் அதோடு போய்விடும், மறுபடி பூஜ்யத்திலிருந்து ஏற வேண்டும். மறைத்தால் எல்லாம் அப்படியே இருக்கும். "கண்ணு, நான் தப்பா எதுவும் செஞ்சேனா?" என்று அக்கா எனக்கு ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். பின்னால் எண்ணெய் காயும் சத்தம்.

இன்று காலை மறுபடி ஏற்றியாச்சு. 29.85 என்று வந்ததை 29.90 ஆக்கிப் போட்டிருக்கிறோம். கமிஷன் 2.91, திட்டம் 1.29, பரிவர்த்தனை 1.32, நிலைக்கட்டணம் 54 காசு, பெட்டி 1.80. எல்லாம் போக அக்கா கையில் 22 வெள்ளி 4 காசு நிற்கும். அந்த நாலு காசைச் சுற்றி வேண்டுமானால் தம்பி ஒரு வட்டம் போட்டுக்கொள்ளட்டும்.