ஏரி மட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது
செம்பரம்பாக்கம் ஏரியின் பழைய மதகுப் பதிவேடுகளைக் கொடுத்துப் பழக்கினால் முடிவு மரம் (கேள்வி கேள்வியாகக் கிளை பிரிந்து விடை சொல்லும் கணினி முறை, decision tree) எந்த வெள்ளத்திலும் சரியான திறப்பைச் சொல்லிவிடும் என்கிற கட்டுரையின் வரியை ஏற்க முடியவில்லை. மரம் தான் பழகிய எண்களுக்கு வெளியே போகாது. பதிவில் உள்ள பெருமழையைவிட இருமடங்கு கொட்டினாலும் அதே கடைசிக் கிளையில் நின்று அதே விடையைத்தான் தரும். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பெய்தது. அதற்கு முந்தைய சாதாரண ஆண்டுகளை மட்டும் படித்த மரம் அந்த இரவில் என்ன சொல்லியிருக்கும்? இன்னொன்று, பதிவேட்டில் இருப்பது மனிதர்கள் எடுத்த முடிவுகள். கோடைக் குடிநீரை நினைத்து ஏரியை 24 அடி வரை நிரப்பி வைத்து, மதகைத் திறக்கத் தயங்கும் பழக்கத்தையும் மரம் அப்படியே கற்றுக்கொள்ளும். இது உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாத மர்மப் பெட்டி என்று மேலே கருத்து எழுதிய நண்பருக்கு: இல்லை, "மட்டம் இவ்வளவு, வரத்து இவ்வளவு என்றால் இவ்வளவு திற" என்று பொறியாளர் வாசித்துச் சரிபார்க்கக்கூடிய விதிகள்தான் அவை. அதனால்தான் எனக்கு இந்த முறையின் மேல் அக்கறை. ஆனால் 2015 வெள்ளத்தில், தாம்பரம் அருகே முடிச்சூரில் எங்கள் வீட்டில் இடுப்பளவு நின்றது செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் இல்லை. அந்த உபரி திருநீர்மலைப் பக்கம், எங்களுக்குக் கீழேதான் அடையாற்றில் சேர்கிறது. எங்களுக்கு வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் வெள்ளம். அந்த ஏரிகளின் நிலவரமும் அடையாற்றில் அப்போது ஓடும் அளவும் உள்ளீட்டில் இல்லாமல் எவ்வளவு திறப்பது என்று மரம் எப்படிச் சொல்லும்?