மீன் கரு சாகவில்லை என்றால் மூளைக்கு ஆபத்தில்லையா?

"ஜீப்ரா மீன் முட்டைகளைப் பூச்சிக்கொல்லிக் கரைசலில் போட்டார்கள், ஒரு கருகூடச் சாகவில்லை. அதனால் இது மூளையைப் பாதிக்காது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

உயிர் பிழைத்ததா என்று பார்ப்பது ஒரு சோதனை. வேதிப்பொருட்களைச் சோதிக்கப் பல நாடுகளுக்கும் பொதுவான முறைகளை வகுக்கும் ஓஇசிடி அமைப்பு 2013இல் ஏற்றுக்கொண்ட 236ஆம் எண் சோதனை முறை அப்படிப்பட்டது: 96 மணி நேரம் வரை கரு திரிந்து கெட்டியாகிப்போனதா, இதயம் துடிக்கிறதா என்பது போன்ற சாவின் அறிகுறிகளைத்தான் குறித்துக்கொள்வார்கள். நரம்பைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

நரம்புக்கு வேறு சோதனை. கருவுற்று ஒரு நாள்கூட ஆகாத கரு, கண்ணாடி போன்ற முட்டைக்குள்ளேயே வாலைச் சுருட்டிச் சுருட்டி விடும். சுமார் 30 மணி நேரத்தில் பளிச்சென்று ஒளி அடித்தால் சில நொடிகள் உடலை உதறும். உடனே மறுபடி அடித்தால் அசையாது. கண் இன்னும் வேலை செய்யத் தொடங்காத வயது அது, ஒளியை உணர்வது பின்மூளை! இந்த உதறலைக் கேமராவில் அளந்து ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களைச் சலித்தெடுத்த ஆய்வு 2010இல் வெளியானது. சாகாத கருவின் அசைவுகூட மாறலாம் என்பதுதான் விஷயம்.

அசைவு மாறினாலே "மூளை நஞ்சு" என்று அலறவும் வேண்டாம். இதயம் தளர்ந்தாலும் கரு மந்தமாகும். சில பொருட்கள் முட்டையுறையைத் தாண்டி உள்ளே போவதே கடினம். எதை அடுத்து விரிவாகச் சோதிப்பது என்று பொறுக்கியெடுக்க உதவும் முதல்கட்ட வடிகட்டல் இது. மனிதருக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் வேலை இதனுடையதல்ல.