போலியோதான் ஒழிஞ்சாச்சே, அப்புறம் எதுக்குக் குழந்தையோட மலம்?

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி பதினோராவது ஆளாக ஒருவர் அதை அனுப்பி, கூடவே ஐந்து சிரிப்பு பொம்மை போட்டு, "மலம் பொறுக்க ஆள் வந்திருக்கு பாருங்க சார்" என்று எழுதியிருந்தார். சரி, எழுதிவிடுகிறேன்.

எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கால் துவண்டு நடக்க முடியாமல் போன நாலு வயசுக் குழந்தை. தனியார் ஆஸ்பத்திரியில் கில்லன் பாரே (போலியோ இல்லாமலே கைகால் துவள வைக்கும் நரம்பு நோய்) என்று சொல்லி வைத்தியம் நடக்கிறது. போலியோ சோதனைக்காகக் குழந்தையின் மல மாதிரி வாங்கிப்போக நீலப் பெட்டியோடு வந்த நர்சம்மாவை அப்பா வாசலிலேயே நிறுத்திக் கேட்கிறார்: "போலியோ இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நாட்டுலயே இல்லைன்னு நீங்க சொல்றீங்க. நேத்துதான் வாங்கிட்டுப் போனீங்க, இன்னிக்கு மறுபடியும் எதுக்கு?" அந்தம்மா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கேமரா வேறு பக்கம் திரும்பிவிட்டது. கீழே வரிசையாகச் சிரிப்பு.

அந்த அப்பா மேல் எனக்குக் கோபமே இல்லை. பிள்ளை அப்படிக் கிடக்கும்போது யார் வந்து கதவைத் தட்டினாலும் எரிச்சல் வரும். என் கோபம் சிரித்தவர்கள் மேல்.

நாட்டில் போலியோ இல்லை என்று நாம் தைரியமாகச் சொல்வதே அந்த நீலப் பெட்டியை நம்பித்தான். தேடினால்தான் இல்லை என்று சொல்ல முடியும். இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளப் பதிவு.

இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ கேஸ் 2011 ஜனவரி 13, மேற்கு வங்கத்தில் ஹவுரா மாவட்டத்துக் குழந்தை. போலியோ இல்லை என்ற சான்றிதழ் வந்தது 2014 மார்ச் 27. நடுவில் மூன்று வருஷம் என்ன நடந்தது? கேஸ் வரவில்லை, ஆனால் தேடுவது நிற்கவில்லை. எவ்வளவு ஒழுங்காகத் தேடினீர்கள் என்று கணக்குப் பார்த்துத்தான் சான்றிதழே தந்தார்கள்.

அந்தக் கணக்கு இப்படி. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கையோ காலோ துவண்டால், காரணம் எதுவாக இருந்தாலும் தகவல் வர வேண்டும். கில்லன் பாரேயா, தண்டுவட அழற்சியா, புட்டத்தில் போட்ட ஊசி நரம்பில் பட்டதா, எல்லாம் வர வேண்டும். இதைத்தான் ஏ.எஃப்.பி என்கிறோம். போலியோவே இல்லாத ஊரிலும் வருஷத்துக்கு ஒரு லட்சம் பிள்ளைகளில் ஒருவருக்காவது இப்படி ஆகும். இந்தியா தனக்கு இரண்டு என்று இலக்கு வைத்திருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் ஒரு ஏ.எஃப்.பி கூட இல்லை என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அங்கே பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை என்று அர்த்தம். அதனால்தான் வாராவாரம் "இந்த வாரம் ஒன்றுமில்லை" என்பதையும் ஜீரோ ரிப்போர்ட்டாக எழுதி அனுப்பச் சொல்கிறார்கள். ஜீரோ என்று எழுதி வந்த ஃபாரமும், வராமலே போன ஃபாரமும் ஒன்றில்லை. இது புரிந்தால் பாதி சண்டை தீர்ந்துவிடும்.

இப்போது அந்த "மறுபடியும் எதுக்கு?"

போலியோ வைரஸ் மலத்தில் தினமும் ஒரே அளவில் வருவதில்லை. இன்று இருக்கும், நாளை இருக்காது. அதனால் இரண்டு மாதிரி, நடுவில் குறைந்தது 24 மணி நேரம். இரண்டும் கால் துவண்ட நாளிலிருந்து 14 நாளுக்குள். முதல் இரண்டு வாரத்தில்தான் வைரஸ் அதிகம் வெளியேறும், அதன் பிறகு குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு மாதிரியும் 8 கிராம், பெரியவர் கட்டைவிரல் அளவு. சுத்தமான பேப்பரை விரித்து அதில் போகச் சொல்லி, டப்பாவில் எடுத்து, திருகி மூடி, பெயர், எண், தேதி ஒட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஐஸ்பேக் வைத்த பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். நம் மாநிலத்தில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். தடுப்பூசி அங்கிருந்து ஊருக்குக் குளிரில் வருகிற மாதிரி, இது ஊரிலிருந்து குளிரில் திரும்பிப் போகிறது. இதற்கென்று ஒதுக்கிய பெட்டியில் மறுபடி தடுப்பூசி வைக்கக் கூடாது, அதனால் மேலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள்.

சொல்ல எளிது. நடைமுறையில் கில்லன் பாரே வந்த பிள்ளைகள் பலருக்கு மலச்சிக்கல். இரண்டு நாள் காத்திருந்தாலும் கட்டைவிரல் அளவு வராது. ஞாயிற்றுக்கிழமை வரும். ஐஸ்பேக் உருகும், மூடி சரியாகத் திருகாமல் கசியும், பேனா மை ஈரத்தில் அழிந்து எந்தக் குழந்தை என்றே தெரியாமல் போகும். லேபில் பெட்டியைத் திறந்ததும் முதலில் பார்ப்பது ஐஸ் மிச்சம் இருக்கிறதா, கசிந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா, அளவு போதுமா, காகிதம் சரியா என்பதைத்தான். ஒன்று தப்பினாலும் "போதுமானதல்ல". அப்புறம் 60 நாள் கழித்து வீட்டுக்கே போய் அந்தக் கால் எப்படி இருக்கிறது என்று பார்த்து, நிபுணர் குழு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். ஒரு டப்பா வாங்க வந்தவரை வாசலில் நிறுத்தியதன் விலை இது.

லேபில் மாதிரியை இரண்டு வகைச் செல்களில் வளர்க்கிறார்கள். அதில் ஒன்று எலியின் செல். போலியோ வைரஸ் பற்றிக்கொள்ளும் மனித ஏற்பியை அதில் சேர்த்திருக்கிறார்கள். எலிச் செல்லில் போலியோ சாதாரணமாக ஒட்டாது, இதில் ஒட்டும். எனவே இதில் வளர்ந்தால் ஆளை ஏறக்குறைய பிடித்த மாதிரி. பிறகு அது இயற்கை வைரஸா, சொட்டு மருந்தில் இருக்கும் பலவீனமாக்கிய வைரஸா, மாறிப்போன சொட்டு மருந்து வைரஸா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். "டாக்டர் பார்த்தாலே தெரியாதா" என்று கேட்டவருக்கு: தெரியாது. துவண்ட காலைப் பார்த்து எந்த வைரஸ் என்று சொல்லும் டாக்டர் இன்னும் பிறக்கவில்லை.

இனி கமென்டில் வரப்போகிறவர்களுக்கு.

"இல்லாத நோய்க்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" நைஜீரியாவைக் கேளுங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு கேஸ் இல்லை, 2015 செப்டம்பரில் போலியோ நாடுகள் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2016 ஆகஸ்டில் போர்னோ மாநிலத்தில் கேஸ். மரபணுவைப் பார்த்தால் அது 2011இல் அங்கே கடைசியாகப் பார்த்த வைரஸின் வாரிசு. சுமார் ஐந்து வருஷம் கண்ணில் படாமல் சுற்றியிருக்கிறது. ஏன்? போகோ ஹராம் தீவிரவாதிகளின் பிடியில் இருந்த கிராமங்களுக்குள் நீலப் பெட்டி போக முடியவில்லை. அங்கே துப்பாக்கி தடுத்தது. இங்கே நாம் செல்போனை வைத்துத் தடுக்கிறோம்.

முதல் வகைப் போலியோ தொற்றிய சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கால் விழும். ஒரு கேஸ் தெரிவதற்குள் நூற்றுக்கணக்கான பேர் வைரஸைச் சுமந்து நடமாடியிருப்பார்கள். அந்த ஒருவரையும் நாம் தவறவிட்டால்? 2022இல் நியூயார்க் பக்கம் ஒருவருக்குக் கால் விழுந்தது. லண்டன் சாக்கடையில் அதே வருஷம் வைரஸ். அவர்கள் ஊரில் நடந்தால் "விழிப்பான நாடு", நம்மூரில் ஒரு நர்ஸ் டப்பா கேட்டால் காமெடி.

"சாக்கடையிலேயே கண்டுபிடிக்கலாமே, வீட்டுக்கு எதுக்கு?" நல்ல கேள்வி. மும்பையில் 2001லிருந்தே கழிவுநீர்ச் சோதனை நடக்கிறது. ஆனால் பாதாளச் சாக்கடையே இல்லாத கிராமத்தில் எதை அள்ளிச் சோதிப்பது?

"ஊழியர்கள் ஒன்றும் விளக்குவதில்லை, அதிகாரம் பண்ணுகிறார்கள்." இதை ஒப்புக்கொள்கிறேன், முழுசாக. எதற்கு எடுக்கிறோம், ஏன் இரண்டு தடவை என்று முதல் நாளே இரண்டு நிமிஷம் உட்கார்ந்து சொன்னால் பாதி வீட்டில் தகராறே வராது. அதைவிடப் பெரிய குறை, ரிசல்ட் என்ன ஆச்சு என்று பெற்றவர்களுக்கு யாரும் திரும்பச் சொல்வதில்லை. அறிக்கை ஆபீஸ் ஆபீஸாகப் போகும், மலம் கொடுத்த வீட்டுக்கு மட்டும் போகாது. இது தப்பு. இதைப் பற்றி வீடியோ போட்டிருந்தால் நானே பகிர்ந்திருப்பேன்.

ஆனால் உண்மையிலேயே கேட்க வேண்டிய ஆளை யாரும் கேட்கவில்லை. அந்த அப்பாவிடம் "போலியோ இல்லை, கில்லன் பாரே" என்று சொன்ன ஆஸ்பத்திரி, இப்படி ஒருவர் மாதிரி வாங்க வருவார் என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருக்க வேண்டாமா? பல இடங்களில் நடப்பது இதுதான். நோயின் பெயர் கிடைத்துவிட்டது, போலியோ இல்லை, பிறகு எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள். சொல்லச் சொன்னது நோயின் பெயரை இல்லையே, டாக்டர். கால் துவண்டது என்பதை. ஒரு போன். தொற்றுநோயைத் தெரிவிக்கும் கடமையை 1939லேயே சட்டமாக எழுதிவைத்த மாநிலம் இது. வாராவாரம் ஊழியர் வந்து உங்கள் வார்டு ரிஜிஸ்டரைப் புரட்டினால் "எங்களை நம்பலையா" என்று முகம் சுளிக்கிறீர்கள். நம்பித்தான் பல கேஸ் பன்னிரண்டாவது நாள், பதிமூன்றாவது நாள் தெரியவருகிறது. அப்போது ஓடுவது நீங்கள் இல்லை. தோளில் பெட்டியோடு பஸ்ஸில் நிற்கிற அந்தம்மா. உள்ளே என்ன என்று பக்கத்து சீட்காரர் கேட்டால் "மருந்து" என்று பொய் சொல்லிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் இறக்கிவிட்டுவிடுவார்கள்.

அவரைத்தான் நாடே பார்த்துச் சிரித்தது.

கடைசியாக ஒன்று. வீடியோவை ஒழுங்காகக் கேட்டீர்களா? "போன வாரம் திங்கக்கிழமை காலையில எந்திரிக்கும்போதே நிக்க முடியல" என்கிறார் அப்பா. வீடியோ புதன்கிழமை. இன்று சனி. எண்ணிப் பார்த்தால் 12ஆவது நாள். திங்கட்கிழமையோடு 14 முடிகிறது. முதல் மாதிரி போய்விட்டது, இரண்டாவது இன்னும் வாங்கவில்லை என்று கேள்வி. நாளை ஞாயிறு என்றாலும் பரவாயில்லை, எடுத்துக் குளிரில் வைத்தால் 72 மணி நேரம் இருக்கிறது.

அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் என் நண்பர்கள் பட்டியலில் கண்டிப்பாக இருக்கிறீர்கள், இல்லையென்றால் வீடியோ இவ்வளவு வேகமாக எனக்கு வந்திருக்காது. எனக்கு அனுப்புவதை விட்டுவிட்டு அந்த அண்ணனுக்கு ஒரு போன் போடுங்கள்.