ஒரு அம்புக்குறியை நகர்த்த அரை நாள் ஆகும் சார், ஆகத்தான் செய்யும்

நேத்து ராத்திரி ஆபீஸ்ல இருந்து கிளம்பறப்ப மணி 9:40. ஒரே ஒரு படத்தால. ஒரு ஜர்னல் ஆர்ட்டிகிள், 14 பக்கம், 6 ஃபிகர், ஆறும் டிக்ஸ்ல (TikZ, படத்தை வரையாம எழுதியே உருவாக்கற ஒரு முறை) புரோகிராம் கோடா (code) எழுதி வந்திருக்கு. அஞ்சை எப்படியோ முடிச்சுட்டேன், ஆறாவது கம்பைலே ஆகமாட்டேங்குது, படமா மாறவே மாட்டேங்குது. சாயங்காலம் டீம் லீட் வந்து நின்னு, "என்னம்மா, ஒரு படத்துக்கு ஒரு நாளா? ஓப்பன் பண்ணி சரி பண்ணி போட வேண்டியதுதானே"ங்கறார்.

எதுல சார் ஓப்பன் பண்றது? மவுஸை வச்சு இழுத்தா நகர்றதுக்கு அது என்ன பெயிண்ட்டா? அந்த டிக்ஸ்ங்கற பேரோட ஜெர்மன் விரிவாக்கமே "டிக்ஸ் ஒரு வரையற சாஃப்ட்வேர் கிடையாது"ங்கறதுதான், அதை உருவாக்கின டில் டான்டாவ் பேர்லயே சொல்லி வச்சுட்டுப் போயிருக்கார். புள்ளி எங்க, கோடு எங்க, எழுத்து எங்க எல்லாமே வரி வரியா எழுதியிருக்கும், டெக்ங்கற (TeX) டைப்செட்டிங் சாஃப்ட்வேர் அதைப் படிச்சு கணக்கு போட்டு படமாக்கும். அது ஒரு புரோகிராம். மேனுவல் மட்டும் 1300 பக்கத்துக்கு மேல. 9 வருஷமா லேடெக் (LaTeX, அந்த டெக் மேல கட்டினது) டைப்செட்டிங் வேலை பாக்கறேன், 9 வருஷமா இதையேதான் சொல்றேன், ஆனா எந்த வேலைக்கு எவ்வளவுன்னு கணக்கு போடற எங்க ரேட் ஷீட்ல ஒரு ஜேபெக்கை எடுத்து ஒட்டினாலும் ஒரு ஃபிகர், 180 வரி கோடு வந்தாலும் ஒரு ஃபிகர். ஒரே டார்கெட். எந்த ஊர் நியாயம் இது?

அந்த ஆறாவது படத்துக்கு வரேன். 1990ல இருந்து 2020 வரைக்கும் ஒரு கிராஃப். "டைமென்ஷன் டூ லார்ஜ்"னு எர்ரர். டிக்ஸ்ல அளவு சொல்லாம வெறும் எண்ணைப் போட்டா அது சென்டிமீட்டர்னு அர்த்தம், ஆத்தர் வருஷத்தை அப்படியே எக்ஸ் இடத்துல எழுதியிருக்கார், அப்ப 1990னா கிட்டத்தட்ட 20 மீட்டர் வலது பக்கம் தள்ளி ஒரு புள்ளி. டெக்கால தாங்க முடிஞ்ச அதிகபட்ச நீளமே 16384 பாயின்ட்டுக்குள்ளதான் (பாயின்ட்ங்கறது அச்சு வேலையில நீளத்தை அளக்கற அலகு), அதாவது சுமார் அஞ்சே முக்கால் மீட்டர். ஸ்கேலைக் குறைச்சுப் பார்த்தேன், அப்பவும் அதே எர்ரர்தான், ஏன்னா ஸ்கேல் வேலை செய்யறதுக்கு முன்னாடியே பெருக்கல் நடந்து எல்லையைத் தாண்டிடுது. அப்ப அவர் மெஷின்ல மட்டும் எப்படி ஓடுச்சு? அவர் சொந்தமா ஒரு ஸ்டைல் ஃபைல் வச்சிருக்கார், அதுல எக்ஸ் பக்கம் ஒரு யூனிட்னா 0.25 சென்டிமீட்டர்னு மாத்தி வச்சிருக்கார். அந்த ஃபைலை அனுப்பல! அவர் அனுப்பின பிடிஎஃப்ல படத்தோட அகலத்தை அளந்து, 30 வருஷத்தால வகுத்து, அந்த 0.25ஐ நானா கண்டுபிடிக்க மூணு மணி நேரம். இதைத்தான் "ஓப்பன் பண்ணி சரி பண்ணி போடு"ங்கறாங்க.

ஆத்தர்களைக் கேக்கறேன். பெரிய பெரிய ஆராய்ச்சி பண்றீங்க, மரியாதை இருக்கு. அனுப்பறதுக்கு முன்னாடி உங்க ஃபோல்டரை வேற ஒரு மெஷின்ல போட்டு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கம்பைல் பண்ணிப் பாக்கக்கூடாதா? டெக் ஃபைல் வரும், ஸ்டைல் ஃபைல் வராது. பிஜிஎஃப்பிளாட்ஸ்ல (pgfplots, டிக்ஸ் மேல ஓடற கிராஃப் பேக்கேஜ்) கிராஃப் போட்டிருப்பீங்க, டேட்டா ஃபைல் இருக்காது, பாத் பார்த்தா உங்க டெஸ்க்டாப்புக்குப் போகும். டேட்டா இல்லாம நான் எதை வச்சு வளைவு வரையறது? க்வெரி போட்டா பத்து நாள் கழிச்சு பதில் வருது, அந்த பத்து நாளும் லேட் கணக்கு எங்க தலையில.

டேட்டா வந்தாலும் தலைவலிதான். ஒருத்தர் 40,000 புள்ளியை அப்படியே அனுப்பியிருந்தார். "டெக் கெப்பாசிட்டி எக்சீடட், சாரி"னு பாதியில நின்னுடுச்சு. லேடெக்கை ஓட்டற எஞ்சின்ல ரெண்டு வகை, லுவாலேடெக்ல ஓட்டினா மெமரியை அதுவே கூட்டிக்கும், ஆனா எங்க புரொடக்ஷன் முழுக்க பிடிஎஃப்லேடெக்ல கட்டினது, ஒரு ஆர்ட்டிகிளுக்காக மாத்த விடமாட்டாங்க. எட்டரை சென்டிமீட்டர் அகலத்துல 40,000 புள்ளி யார் கண்ணுக்குங்க தெரியப்போகுது? ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து வெறும் நீலத் திட்டு. அதுல 1000 புள்ளி எடுத்தா அதே வளைவு வரும். எதை விடலாம்னு நான் முடிவு பண்ண முடியாது, அது உங்க ஆராய்ச்சி, நீங்கதான் பண்ணணும்.

அந்த எட்டரை சென்டிமீட்டர்னு சொன்னேன்ல, அது இதைவிட பெரிய கொடுமை. ஆத்தர் 16 சென்டிமீட்டர் அகலத்துக்கு வரைஞ்சிருப்பார், ஜர்னல் பக்கமோ ரெண்டு காலமா (column) பிரிஞ்சது, ஒரு காலத்துக்கு எட்டரைதான். பாதியா சுருக்கணும். "ஸ்கேல் 0.5 போட்டா முடிஞ்சுதே"ன்னு சுலபமா சொல்லிடறாங்க. டிக்ஸ்ல ஸ்கேல் போட்டா புள்ளிகளுக்கு நடுவுல இருக்கற தூரம்தான் குறையும், நோடுக்குள்ள (node, எழுத்தை வச்சிருக்கற கட்டம்) இருக்கற எழுத்து அதே சைஸ்ல நிக்கும், கட்டமெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும். சரி, முழுப் படத்தையும் சுருக்கற ரீசைஸ்பாக்ஸ் கட்டளையில போட்டு மொத்தமா அமுக்கினா 10 பாயின்ட் எழுத்து 5 பாயின்ட் ஆயிடும், 0.4 பாயின்ட் கோடு 0.2 ஆகி பிரிண்ட்ல இருக்கா இல்லையான்னே தெரியாது, குவாலிட்டி செக்ல திருப்பி அடிப்பாங்க. மிச்சம் இருக்கறது ஒரே வழி, புரோகிராமுக்குள்ள இறங்கி ஒவ்வொரு எண்ணா மாத்தறது. இதோட ஜர்னல் ஃபான்ட் வேற மாறும், மாறினா எழுத்தோட அகலம் மாறும், ரெண்டு நோடுக்கு நடுவுல மையத்துல இருந்து மையத்துக்கு தூரம் சொல்லியிருந்தா நீளமான வார்த்தைங்க ஒண்ணை ஒண்ணு இடிக்கும். டிக்ஸோட பொசிஷனிங் லைப்ரரில விளிம்புல இருந்து விளிம்புக்கு தூரம் சொல்ல வசதி இருக்கு, எத்தனையோ வருஷமா இருக்கு, இன்னமும் பழைய மாதிரியே எழுதறாங்க.

இன்னொரு வகை, வேற ஏதாவது சாஃப்ட்வேர்ல மவுஸால வரைஞ்சு டிக்ஸ் கோடா எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்பறவங்க. ஒவ்வொரு எண்ணுக்கும் தசமத்துக்கு அப்புறம் 15 இலக்கம், கலருக்கு யூடியூடிஎஃப்எஃப்னு பேரு, எந்தக் கோடு எந்தக் கோட்டோட சேருதுன்னு அந்த புரோகிராமைப் படிச்சா ஒரு எழவும் புரியாது. அதுல ப்ரூஃப், அதாவது சரிபார்க்கற பிரதி, ஆத்தருக்குப் போய் திரும்பி வர்றப்ப ஆத்தர் கரெக்ஷன்: "இந்த அம்புக்குறியை கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தவும்." கொஞ்சம்னா எவ்வளவுங்க? 240 வரில எது அந்த அம்புக்குறி? ஒவ்வொரு வரியா கமென்ட் பண்ணி, அதாவது ஓடாம நிறுத்தி வச்சு, கம்பைல் பண்ணி, படத்துல எது காணாமப் போகுதுன்னு பார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கறேன். நகர்த்தினா அது மேல இருக்கற லேபிள் கூட வராது, ஏன்னா லேபிளும் தனியா ஒரு எண்ணுல ஆணியடிச்சு உக்காந்திருக்கு.

எனக்கு டிக்ஸ் மேல கோவமே கிடையாது. போன மாசம் ஒரு ஆர்ட்டிகிள் வந்துது, கன்ட்ரோல் சிஸ்டம் பிளாக் டயகிராம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பேர் வச்சிருந்தாங்க, அம்புக்குறி எல்லாம் அந்தப் பேருக்கும் பேருக்கும் நடுவுல, கோட்டோட தடிமன், எழுத்து சைஸ் எல்லாம் மேல ஒரே இடத்துல ஸ்டைலா எழுதி, எது என்னன்னு விளக்கக் குறிப்பு வேற. ரெண்டு கட்டத்தை மாத்திப் போடணும்னு கரெக்ஷன் வந்துது, ரெண்டு வார்த்தையை மாத்தினேன், மொத்த அம்புக்குறியும் தானா வந்து ஒட்டிக்கிச்சு. எத்தனை மடங்கு பெரிசாக்கினாலும் எழுத்து பிசிறடிக்கல, படத்துக்குள்ள இருக்கற சமன்பாடும் பத்தியில இருக்கற சமன்பாடும் ஒரே ஃபான்ட்ல அவ்வளவு அழகா இருந்துது. பக்கத்து சீட் பொண்ணைக் கூப்பிட்டு காட்டினேன். இப்படி எழுதத் தெரிஞ்ச ஆளுங்க இருக்கறதாலதான் மத்தவங்க மேல இவ்வளவு கோவம் வருது.

நாங்க கேக்கறது ஒண்ணும் பெரிசில்லைங்க. ஸ்டைல் ஃபைல், டேட்டா ஃபைல் ரெண்டையும் சேர்த்து அனுப்புங்க. நோடுக்கு பேர் வைங்க. பிஜிஎஃப்பிளாட்ஸ் யூஸ் பண்ணா காம்பாட்ங்கற (compat) செட்டிங்ல எந்த வெர்ஷன்னு ஒரு வரி எழுதுங்க, அது இல்லாம எங்க மெஷின்ல லேபிள் வேற இடத்துல போய் நிக்குது, அப்புறம் "என் படத்தை கெடுத்துட்டீங்க"ன்னு எங்களைத்தான் திட்டறீங்க.

ஆபீஸ்ல கேக்கறது வேற. கோடா வர்ற ஃபிகருக்கு ரேட் ஷீட்ல தனி வரி வேணும், தனி நேரம் வேணும். இந்த வாரம் நான் முடிச்ச டிக்ஸ் படம் ஒவ்வொண்ணுக்கும் எத்தனை வரி, எத்தனை மணி நேரம்னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை மீட்டிங்ல அந்த நோட்டைத்தான் மேஜை மேல வைக்கப்போறேன்.