விடியவிடியக் கூத்து இருக்கட்டும்

எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் இந்த வருஷம், வழக்கமாக விடியவிடிய ஆடும் பாரதக் கூத்தை ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கெல்லாம் முடித்துவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. "ஜனங்க உக்கார மாட்டேங்கறாங்க சார், பத்து பேருக்காக விடியவிடிய மைக் செட்டுக்கு எதுக்குக் காசு அழணும்?" என்கிறார்கள் விழாக்குழுவில். வரி வசூலிக்க வீடு வீடாக நடக்கிறவர்கள் அவர்கள், வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. மூன்று மணி நேரமாக நறுக்கினால் மிஞ்சப்போவது கதைச்சுருக்கம். துகிலுரிதலில் பாஞ்சாலிக்கு என்ன ஆகும் என்று தெரியாத ஆள் பள்ளிப்பட்டிலிருந்து சித்தூர் வரைக்கும் ஒருத்தர் உண்டா?

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1960-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணியும் பள்ளிப்பட்டும் தமிழ்நாட்டுக்கு வந்தன, நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றன. திரௌபதி அம்மன் கோயில் ரெண்டு பக்கமும் உண்டு, அந்தப் பக்கம் தர்மராஜா கோயில் என்பார்கள். வெயில் காலத்தில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்து விளக்குவார், ராத்திரி அதையே கூத்தாகக் கட்டுவார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைந்த ஊரில்கூட தமிழ் ஜமா, அதாவது கூத்துக் குழு, வந்து ஆடும். விருத்தமும் பாட்டும் தமிழில் போக, கோமாளி வேஷத்துக் கட்டியக்காரன் மட்டும் சட்டென்று தெலுங்குக்குத் தாவி முன்வரிசைத் தாத்தாவை வம்புக்கு இழுப்பான். சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆகும்.

இந்த வம்பு, இழுவை எல்லாம் சேர்ந்ததுதான் கூத்து. ரெண்டு பேர் திரை பிடிக்க, பின்னால் சலங்கை மட்டும் கேட்கும். துரியோதனன் உள்ளேயிருந்தே தன் பெருமையைப் பாடிக்கொண்டிருப்பான். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி கண்ணாடிச் சில்லு ஒட்டியது. ஆர்மோனியப் பெட்டிக்காரர் சுதியை ஏற்றுவார், சின்ன நாயனம் மாதிரியான முகவீணை கீச்சென்று கூடவே ஏறும். திரை விலகி அவன் ஒரு கிறுக்கி அடித்துச் சுற்றும்போது பக்கத்தில் படுத்திருந்த குழந்தை எழுந்து உட்காரும். இதை ரெண்டு நிமிஷத்தில் முடி என்றால் எப்படி முடிப்பது?

துகில் ராத்திரியைச் சொல்கிறேன். மூன்று மணி வாக்கில் பாதிக் கூட்டம் பாயில் சாய்ந்திருக்கும், டீக்கடையில் கொஞ்சம் பேர். நானும் கண்ணைத் தேய்த்துக்கொண்டுதான் இருப்பேன். அந்த அசதி ஒரு வேலை செய்கிறது: நமக்குள்ளே நாடகம் என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஆள் அப்போது தூங்கிப் போயிருப்பான். துச்சாதனன் வருகிறான், முகமெல்லாம் சிவப்பு அரிதாரம். பாஞ்சாலியாக வேஷம் கட்டியிருப்பவர் ஒரு ஆண்பிள்ளைதான், சாயங்காலம் அதே டீக்கடையில் பீடி குடித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். சேலையைத் தொடுவதற்கு முன்னால் துச்சாதனன் நிறுத்தி, வேஷத்தை விட்டு வெளியே வந்து, அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிறார். கற்பூரம் காட்டுகிறார்கள். மறுபடி அவன் துச்சாதனன். இடுப்பில் சுற்றிய தனிச்சேலையை இழுக்க இழுக்க, "கோவிந்தா, கோவிந்தா" என்ற குரல் மேடையிலிருந்து வருகிறதா கூட்டத்திலிருந்து வருகிறதா என்று பிரிக்க முடியாது. பாயில் சாய்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள். எனக்குப் பின்னால் ஒரு பாட்டி துச்சாதனனை வைத வசவை இங்கே எழுத முடியாது. எனக்குத் தொண்டை அடைத்து, மயிர்க்கூச்செறிந்து, கை தானாகவே கும்பிட்டது. இத்தனைக்கும் நான் சாமி கும்பிடுவதில் அத்தனை ஆர்வம் உள்ளவன் இல்லை.

யூட்யூபில் இதே ஜமாவின் துகில் இருக்கிறது. பார்த்தேன். நல்ல வீடியோ, சத்தம் தெளிவு, ஒன்றும் நடக்கவில்லை.

கடைசி நாள் படுகளத்தில் துரியோதனனை மண்ணால் நீட்டிப் படுக்க வைத்திருப்பார்கள். ராத்திரி முழுக்கப் பதினெட்டாம் போர் ஆடிக் களைத்த வீமன் காலையில் அந்த மண் தொடையை அடித்துப் பிளப்பான். உள்ளே வைத்த குங்குமத் தண்ணீர் தெறிக்கும், பாஞ்சாலி அதைத் தொட்டுக் கூந்தல் முடிவாள். ஜனங்கள் முண்டியடித்து அந்த மண்ணைக் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். ராத்திரி கண்விழிக்காமல் குளித்து முழுகி அந்த நேரத்துக்கு வருகிறவர்களும் உண்டு, செல்போனில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்கள் மேல் கோபமில்லை, பாவம் என்றுதான் தோன்றும்.

இடையில் சலிப்புத் தட்டும் என்பது உண்மை. ராஜசூய யாகத்தன்று நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன். கூத்து வாத்தியார் சிலர் ஒரே பாட்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். அதைச் சொல்லித் திருத்தலாம்.

விழாக்குழுவுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். காசு முடை என்றால் பத்து ராத்திரியை ஆறாக்குங்கள், சினிமாப் பாட்டுக் கச்சேரியை நிறுத்துங்கள், சீரியல் லைட்டைப் பாதியாக்குங்கள். ஆடுகிற ராத்திரியை மட்டும் முழுசாக விடுங்கள். டீச்செலவு என்னுடையது, வருஷா வருஷம்.