புகழரங்கம் பிறந்தது வெங்காய ஊரில்

"குத்துச்சண்டை வீரர்களுக்கான புகழரங்கம் (சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் 'ஹால் ஆஃப் ஃபேம்') 1990-ல் லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதிகள் தொடங்கியது, அதற்கு முன் அப்படி ஒன்றே இல்லை" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

1954-லேயே 'தி ரிங்' என்ற குத்துச்சண்டைப் பத்திரிகையை நடத்திய நாட் ஃப்ளைஷர் ஒரு புகழரங்கப் பட்டியலைத் தொடங்கிவிட்டார். 1987 வரை அதில் வீரர்களைச் சேர்த்து வந்தார்கள்.

இன்று எல்லோரும் சொல்லும் சர்வதேச புகழரங்கம் இருப்பது நியூயார்க் மாநிலத்தின் கானஸ்டோட்டா என்ற சின்ன ஊரில். கறுப்பு மண்ணில் வெங்காயம் விளையும் ஊர். அங்கே ஒரு வெங்காய விவசாயியின் மகனாகப் பிறந்தவர்தான் கார்மென் பசிலியோ. 1957-ல் யாங்கி ஸ்டேடியத்தில் அன்றைய சாம்பியன் சுகர் ரே ராபின்சனையே வென்று மிடில்வெயிட் எடைப்பிரிவுப் பட்டத்தைப் பறித்தவர். அப்புறம் 1970-ல் அவருடைய உறவினர் பில்லி பேக்கஸும் வெல்டர்வெயிட் எடைப்பிரிவில் உலக சாம்பியன் ஆனார். ஒரே சிற்றூரில் இரண்டு உலக சாம்பியன்கள்! ஊர் மக்கள் பணம் திரட்டி 1984-ல் இருவருக்கும் ஒரு நினைவுக் காட்சியகம் கட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1989-ல் திறந்த அருங்காட்சியகம். நீங்கள் சொல்லும் 1990, முகமது அலி, ஜோ லூயிஸ் உள்ளிட்ட முதல் தொகுதி வீரர்களைப் புகழரங்கத்தில் சேர்த்த ஆண்டு. குழப்பம் அங்கேதான் வந்திருக்கும்.

வீரர்களின் முஷ்டிகளை அச்செடுத்து அங்கே வைத்திருக்கிறார்கள். 1971-ல் அலியும் ஃப்ரேஸியரும் மோதிய நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கின் சண்டை மேடையும் இப்போது அங்கேதான் இருக்கிறது. ஊர்க்காரர்கள் உழைத்துக் கட்டியதைச் சூதாட்ட விடுதிகளின் கணக்கில் எழுதாதீர்கள். பதிவைத் திருத்திவிடுங்கள்.